பாதி மைதானம்

மூன்று பக்கம், மூன்று பிரதி என்றாய்.
இயந்திரம் சூடேறும்வரை
வாசித்துவிட்டேன், மன்னித்துக்கொள்.
கோவா. இரண்டு வருடம்.
சம்பளம் இருந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்தேன்,
பார்த்துவிட்டுத்தான் மறைத்தேன்.

சேகு முகம்மது யூனுஸ்
என்று உனக்கொரு பெயர் இருப்பதை
நாலு வருடம் கழித்து
முத்திரைத்தாள் சொல்லித் தெரிந்துகொள்கிறேன்.
கீழக்கரைக்கு நீ வாளை.
இரண்டு பேர் நெருக்கிப் பிடிக்கும் இடத்தில்
வலைக்கண்ணில் நழுவுகிற அதே உடம்பு,
அதே மினுக்கம்.

உனக்குத் தெரியாது,
இந்தக் கடை ஜன்னலிலிருந்து
உங்கள் மைதானத்தில் பாதிதான் தெரியும்.
மீதியைத் தண்ணீர்த்தொட்டி மறைத்துவிடும்.
வடக்குக் கோல் எனக்கு.
தெற்குக் கோல் கடலுக்கு.
நீ வடக்கே ஏறி வரும் பாதியில்
ஊராரின் சாதிச் சான்றிதழெல்லாம்
தாளில் கோணலாக விழும்.
பக்கம் மாறினால் தொட்டிக்குப் பின்னே போய்விடுவாய்.
அப்புறம் எல்லாம் காதுதான்:
விசில். ஒரு மௌனம்.
மௌனத்தின் நீளத்தை வைத்தே சொல்லிவிடுவேன்
பந்து உன் காலில் இருக்கிறதா என்று.
கூச்சல் வெடிக்கும்போது
யாரோ ஒருத்தியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை
ஏழு பிரதி எடுத்திருப்பேன்.

ஆடி மாதக் கச்சானில்
மற்றவர்கள் உதைத்ததெல்லாம்
சீமைக்கருவேலத்தில் போய் முள் வாங்கி வரும்.
நீ மட்டும் காற்றுக்கு விட்டுக்கொடுப்பவன்போல்
கம்பத்துக்கு வெளியே பார்த்து உதைப்பாய்.
அது போகும், யோசிக்கும்,
மனசு மாறி உள்ளே வரும்.
அங்கே சுற்றிலும் கட்டடமாமே,
மாடி மாடியாக ஆட்களாமே.
காற்று நுழையாத இடத்தில்
அந்தப் பந்து யார் பேச்சைக் கேட்கும்?
இதை நினைத்ததில்
இரண்டாவது பிரதி மங்கலாகிவிட்டது.
இரு, வேறு எடுத்துத் தருகிறேன்.

எல்லா நாளும் உன்னைக் கொண்டாடினேன் என்று நினைக்காதே.
தூத்துக்குடிக்காரர்களோடு இறுதி ஆட்டம்.
வடக்குக் கோல். என் கோல்.
பெனால்ட்டியை வானத்துக்கு அனுப்பினாய்.
அன்று சாயங்காலம் வந்த உங்கள் பையன்களிடம்
பக்கத்துக்கு ஒரு ரூபாய் கூட வாங்கினேன்.
உன்னை ஒரு வார்த்தையும் சொன்னேன்,
பாங்கு சொல்லும் நேரம் அது,
திரும்பச் சொல்லமாட்டேன்.

அடுத்த மாதமே உன் இடது கணுக்கால் பிசகியது.
ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் வந்ததே,
பக்கத்து சர்பத் கடையில்
நான் கடன் சொல்லி வாங்கியது.
யார் கொடுத்தது என்று நீ கேட்கவில்லை.
கேட்கிற நிலைமையிலும் இல்லை.

பஸ் நிலையத்தில் உனக்கு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள்.
பதினேழாம் எண்காரனைப் பதினொன்றாக்கி,
முகத்தை வெளுக்க வைத்து.
அச்சுத் தொழிலில் இருப்பவள்,
எனக்கு அதைப் பார்க்கக் கூசுகிறது.

ஏழாம் பத்தியைப் படித்தாயா, தம்பி?
காயம் ஆறு மாதத்தில் ஆறாவிட்டால்
அவர்கள் உன்னை விட்டுவிடலாமாம்.
அசலில் கை வைக்கக் கூடாது, தொழில் தர்மம்.
மூன்றாவது பிரதியில் அந்த இடத்தில்
பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன்,
சின்னதாக.
எல்லாப் பந்துக்கும் பாயாதே.

இனி உன்னை டிவியில் பார்ப்பேன்.
இரண்டு கோலும் தெரியும்.
நீ எங்கே ஓடினாலும் கேமரா கூடவே ஓடும்.
முழுசாகத் தெரியும் உன்னை
எனக்கு அடையாளம் தெரியுமா என்று
கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பதினெட்டு ரூபாய்.
இருபதைக் கொடுத்துவிட்டு
மீதிக்கு நிற்காமல் இறங்குகிறாய்.
ராமநாதபுரம் பஸ் உறுமிக்கொண்டிருக்கிறது.
வாளை என்று கூப்பிட்டிருக்கலாம்.
வாய் திறப்பதற்குள்
அடுத்த ஆள் ஆதார் அட்டையை நீட்டுகிறார்:
முன்னும் பின்னும், ஒரே தாளில்.